காரில் 'லொட லொட', 'டொக் டொக்' சத்தம் வருதா? எது சாதாரணம், எது ஆபத்து... கண்டுபிடிப்பது எப்படி?

மழைக்காலம் முடிந்து, சாலைகளில் தார் பெயர்ந்து ஜல்லி தெரிய ஆரம்பித்தால் போதும். மெக்கானிக் ஷெட்டுகளில் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். "அண்ணே, முன்னாடி வீல் பக்கம் ஏதோ லொட லொடன்னு சத்தம் வருது. என்னன்னு பாருங்க." பல இடங்களில் பதிலும் ஒரே மாதிரிதான் வரும். "சஸ்பென்ஷன் போயிருச்சு சார். மொத்தமா மாத்திடலாம்."

இங்கேதான் இரண்டு விதமான சிக்கல் வருகிறது. சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலைக்கு ஷாக் அப்சார்பரையே மாற்றிவிட்டு, வெளியே வந்ததும் அதே சத்தத்தைக் கேட்பவர்கள் உண்டு. "சத்தம்தானே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிட்டு, ஒருநாள் நடுரோட்டில் சக்கரம் மடங்கி நிற்பவர்களும் உண்டு.

இரண்டையும் தவிர்க்க ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். சத்தம் எப்போது வருகிறது? பள்ளத்தில் இறங்கும்போதா, பிரேக் அடிக்கும்போதா, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதா? காருக்கு அடியில் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் பளு ஏறும் நேரம் வேறு. அதனால், சத்தம் வரும் நேரமே எந்தப் பாகம் என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

காருக்கு அடியில் என்னதான் இருக்கிறது?

இந்தியாவில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களின் முன்பக்கத்தில் இருப்பது 'மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்' என்ற அமைப்பு. அமெரிக்கப் பொறியாளர் எர்ல் மெக்ஃபெர்சன் 1940களில் உருவாக்கியது. 1983-ல் வந்த மாருதி 800-ன் முன்பக்கத்தில் இருந்ததும் இதுதான். இன்றைய ஹேட்ச்பேக், செடான், சின்ன எஸ்யூவிகள் பலவற்றில் இருப்பதும் இதுதான்.

இதை நம் கால் மாதிரி நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்தது ஸ்ட்ரட். அதன் மேல்முனை பானெட்டுக்குள் 'டாப் மவுண்ட்' என்ற ரப்பர் பாகத்தில் உட்கார்ந்திருக்கும். கீழே 'லோயர் ஆர்ம்' என்ற இரும்புக் கை சக்கரத்தைப் பிடித்திருக்கும். அந்தக் கை வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ்கள். சக்கரத்தோடு சேரும் இடத்தில், நம் இடுப்பு மூட்டு மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பும் 'பால் ஜாயிண்ட்'.

இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைத்து, வளைவில் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வது ஸ்டெபிலைசர் பார். அதன் இரு முனைகளையும் ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னக் கம்பிதான் 'லிங்க் ராட்'. ஸ்டியரிங் ரேக்கிலிருந்து சக்கரத்தைத் தள்ளவும் இழுக்கவும் செய்வது டை ராட். அதன் கடைசி மூட்டு 'டை ராட் எண்ட்'.

இந்த மூட்டுகளில் எதுவும் கெட்டியாக இருக்கும்வரை சத்தம் வராது. ரப்பர் கிழிந்தோ, கிரீஸ் வற்றியோ, உள்ளே தேய்ந்தோ ஒரு சின்ன இடைவெளி விழுந்துவிட்டால், ஒவ்வொரு முறை பளு மாறும்போதும் இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளும். காதில் விழும் 'டொக்' அதுதான்.

ஷெட்டுக்குப் போகும் முன்: 5 நிமிட சோதனை

சஸ்பென்ஷன் மேல் பழி போடும் முன், அதோடு சம்பந்தமே இல்லாத சில விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்.

1. டிக்கி: ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றும் சரியாக இறுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா? கடைசியாக பஞ்சர் பார்த்தபோது அவசரத்தில் போட்டுவிட்ட ஜாக்கிதான் பலமுறை 'பின்பக்க சஸ்பென்ஷன் சத்தமாக' மாறும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பின் சீட்டின் லாக், கதவு பாக்கெட்டில் இருக்கும் தண்ணி பாட்டில் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

2. வீல் நட்: சமீபத்தில் டயர் கழற்றி மாட்டியிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நட்டோ போல்ட்டோ தளர்ந்திருந்தாலும் 'டக் டக்' என்ற சத்தம் வரும். இது அலட்சியமாக விடக்கூடிய விஷயமே இல்லை. அந்த இடத்திலேயே நிறுத்தி இறுக்க வேண்டும்.

3. சைலன்ஸர்: புகைக்குழாயைத் தாங்கும் ரப்பர் வளையம் அறுந்திருந்தால், ஒவ்வொரு மேட்டிலும் குழாய் வண்டியின் அடியில் இடிக்கும். இன்ஜின் ஆறிய பிறகு குழாயைக் கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

4. பிரேக் பேட்: மோசமான ரோட்டில் லொட லொட சத்தம் வரும்போது, பிரேக் பெடலை மிக லேசாக அழுத்திப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால், பிரேக் பேடோ, கேலிப்பரோ அதன் இடத்தில் ஆடிக்கொண்டிருக்க அதிக வாய்ப்பு. பெடலை அழுத்தியதும் பேட் டிஸ்க்கைப் பிடித்துக்கொள்வதால் ஆட்டம் நிற்கிறது. பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு இதைச் செய்ய வேண்டும்.

சத்தம் எப்போது வருகிறது? அதற்கு என்ன அர்த்தம்?

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால், அடுத்தது நேரத்தைக் கவனிப்பது. ஜன்னலை இறக்கி, ஏசி, ரேடியோ இரண்டையும் அணைத்துவிட்டு, வாகன நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்ட வேண்டும். சுவர் ஓரமாக ஓட்டினால் சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகக் கேட்கும்.

மெதுவாகப் போகும்போது, சின்னச் சின்னப் பள்ளங்களில் 'லொட லொட'

முதல் சந்தேகம் லிங்க் ராட் மேல்தான். இதை உறுதிப்படுத்த ஒரு எளிய வழி இருக்கிறது. ரோட்டின் முழு அகலத்துக்கும் போடப்பட்ட வேகத்தடையில் இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராகப் போங்கள். பிறகு, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்படி போங்கள். ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவது இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும்போது மட்டும்தான். நேராக ஏறும்போது சத்தம் குறைந்து, ஒரு பக்கம் இறங்கும்போது மட்டும் அதிகமானால் லிங்க் ராட் அல்லது ஸ்டெபிலைசர் பார் புஷ் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சில மெக்கானிக்குகள் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். சத்தம் போய்விட்டால் விஷயம் முடிந்தது. சஸ்பென்ஷன் பாகங்களிலேயே விலை குறைந்த வரிசையில் வருவது லிங்க் ராட். இதை மாற்ற அதிக நேரமும் ஆகாது.

இரண்டு சக்கரமும் ஒன்றாக இறங்கும்போதும் கனமான 'டொக்'

ஸ்ட்ரட்டில் எண்ணெய் கசிந்து பலம் போயிருக்கலாம். டாப் மவுண்ட் ரப்பர் விட்டுப்போயிருக்கலாம். ஸ்ட்ரட்டின் மேல் லேசான ஈரப்பதம் போல் எண்ணெய் படிந்திருப்பது பெரிய விஷயமில்லை. எண்ணெய் வழிந்து, அதில் தூசி ஒட்டிச் சேறு போல் இருந்தால் அது கசிவு. வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடினால், ஷாக்கின் வேலை முடிந்துவிட்டது. டயரைக் கையால் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருப்பதும் இதற்கு ஓர் அறிகுறி.

வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்து தெரிகிறதா? ஸ்பிரிங் உடைந்திருக்க வாய்ப்பு உண்டு. பொதுவாக அடிச்சுற்றில்தான் உடையும் என்பதால், சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

பிரேக் அடிக்கும்போது ஒரு 'டக்', வண்டியை எடுக்கும்போது இன்னொரு 'டக்'

லோயர் ஆர்ம் புஷ் மேல் சந்தேகப்படலாம். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படும். வண்டி கிளம்பும்போது முன்னால் இழுக்கப்படும். புஷ் ரப்பர் கிழிந்திருந்தால், லோயர் ஆர்ம் இரண்டு திசையிலும் நகர்ந்து இடிக்கும். கூடவே, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் வேகமாகத் தேயவும் செய்யலாம்.

இதில் ஒரு குழப்பம் வரலாம். ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் போய் முதல் பிரேக் அடிக்கும்போது மட்டும் ஒரே ஒரு 'டிக்' கேட்டால், பல கார்களில் அது பிரேக் பேட் இடம் மாறி உட்காரும் சத்தம். அதற்குப் பயப்படத் தேவையில்லை.

கிளட்ச் விடும்போது, கியர் மாற்றும்போது மட்டும் இடித்தால் இன்ஜின் மவுண்ட்டையும் பார்க்க வேண்டும். இன்ஜினைத் தாங்கும் அந்த ரப்பர் விட்டுப்போனால், இன்ஜினே முன்னும் பின்னும் சாய்ந்து இடிக்கும். இதைச் சஸ்பென்ஷன் சத்தம் என்று நினைத்து ஏமாறுவது சகஜம்.

வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டங்'

டாப் மவுண்ட்டில் இருக்கும் பேரிங் இறுகியிருக்கலாம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்து திரும்ப வேண்டும். பேரிங் சுற்றாவிட்டால், ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் துள்ளி விடுபடும். அந்தத் துள்ளல்தான் 'டங்'. பானெட்டைத் திறந்து, டாப் மவுண்ட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னால் துடிப்பு கையில் தெரியும். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் மட்டும் விரலை விடக் கூடாது.

ஸ்டியரிங்கை முழுசா ஒடித்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 'டக் டக் டக்'

இது ஆக்ஸிலின் வெளிமுனையில் இருக்கும் சிவி ஜாயிண்ட். சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப சத்தமும் வேகமாகும். பெரும்பாலும் இடதுபக்கம் திரும்பும்போது கேட்டால் வலதுபக்க ஜாயிண்ட், வலதுபக்கம் திரும்பும்போது கேட்டால் இடதுபக்க ஜாயிண்ட். அந்த மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பூட் கிழிந்த உடனேயே கவனித்தால் பூட், கிரீஸ் செலவோடு முடியும். மண்ணும் தண்ணியும் உள்ளே போன பிறகு கவனித்தால் ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டும்.

சத்தம் கையில் தெரிகிறதா, காலில் தெரிகிறதா?

மோசமான ரோட்டில் மெதுவாகப் போகும்போது, 'டக டக' என்ற அதிர்வு ஸ்டியரிங் வீலில் கைக்கே வந்தால் டை ராட், ஸ்டியரிங் ரேக், ஸ்டியரிங் தண்டின் மூட்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் உள்ள சில கார்களில், மோட்டாருக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ரப்பர் கப்ளர் இருக்கும். அது பொடிந்துபோனாலும் ஸ்டியரிங்கை லேசாக இடம் வலம் ஆட்டும்போது 'டிக் டிக்' என்று கேட்கும். ஸ்டியரிங் யூனிட்டையே மாற்றச் சொன்னால், முதலில் இந்தக் கப்ளரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதிர்வு காலடியில், தரையில் தெரிந்தால் லோயர் ஆர்ம் பக்கம் பார்வையைத் திருப்பலாம்.

'கிரீச்' சத்தம் மட்டும்தானா?

இடிக்கும் சத்தம் இல்லாமல், பழைய கட்டில் மாதிரி 'கிரீச்' என்று மட்டும் வந்தால் காய்ந்த ரப்பர் புஷ்களாக இருக்கலாம். ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்து, வண்டியை அழுத்திப் பார்த்தால் எது என்று தெரியும். எந்தப் புஷ்ஷில் தண்ணீர் பட்டதும் சத்தம் நிற்கிறதோ, அதுதான். இதற்காக அடிப்பக்கம் முழுக்க டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ அடிப்பது தவறு. நான்கு நாள் சத்தம் இருக்காது. ஆனால், அந்த எண்ணெய் ரப்பரை ஊத வைத்து, சீக்கிரமே கெடுத்துவிடும்.

ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் சோதனை

மெக்கானிக் இதைச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று கவனிக்கலாம். முறையான ஸ்டாண்ட் இருந்தால் வீட்டிலும் செய்யலாம். ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கவே கூடாது. சமதளத்தில், ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் சக்கரத்தைத் தொட வேண்டும்.

* முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கியதும், கடிகாரத்தில் 3 மணி, 9 மணி இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்ட், அல்லது ரேக்கின் உள்மூட்டு.

* அடுத்து 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங்.

* இந்த இரண்டில் எது என்று பிரிக்க, இன்னொருவரை பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றால் பேரிங். தொடர்ந்தால் பால் ஜாயிண்ட்.

* கடப்பாரை மாதிரி நீளமான கம்பியை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுத்து நெம்பினால், புஷ்ஷிலும் பால் ஜாயிண்ட்டிலும் இருக்கும் இடைவெளி கண்ணுக்கே தெரியும்.

* வண்டி தரையில் நிற்கும்போதே, ஒருவர் ஸ்டியரிங்கை ஒரு கை அகலத்துக்கு இடம் வலமாக ஆட்ட, இன்னொருவர் சக்கரத்தின் பக்கவாட்டில் குனிந்து டை ராட் எண்டைப் பார்க்கலாம். ராட் அசைந்த பிறகு, ஒரு கணம் தாமதித்துத்தான் சக்கரம் அசைகிறது என்றால் மூட்டு தேய்ந்துவிட்டது.

எந்தச் சத்தத்தோடு வண்டியை ஓட்டவே கூடாது?

லிங்க் ராட் சத்தம் எரிச்சல் தரும். ஆனால், உடனே ஆளைக் கவிழ்க்காது. நாள் பார்த்து ஷெட்டில் விடலாம். பால் ஜாயிண்ட்டும் டை ராட் எண்டும் அப்படி இல்லை. பால் ஜாயிண்ட் கழன்றால், சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்திருக்கும் ஒரே பிடி போய்விடும். சக்கரம் அப்படியே மடங்கிவிடும். டை ராட் எண்ட் கழன்றால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் அந்தச் சக்கரம் கேட்காது.

இவற்றில் ஏதாவது தெரிந்தால், வண்டியை ஓரம்கட்டி, டோ செய்து கொண்டுபோவதே பாதுகாப்பு:

* ஸ்டியரிங் திடீரென லூஸாகிவிட்டது, அல்லது நேராகப் போகும்போதும் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது.
* வண்டி தானாகவே இடம் வலமாக அலைகிறது. அடிக்கடி திருத்தி ஓட்ட வேண்டியிருக்கிறது.
* பெரிய பள்ளத்தில் விழுந்த பிறகு புதிதாக இடிக்கும் சத்தம் ஆரம்பித்திருக்கிறது.
* வெளியிலிருந்து பார்த்தால் ஒரு முன் சக்கரம் மட்டும் சாய்ந்து தெரிகிறது.
* வீல் நட் தளர்ந்திருக்கிறது, அல்லது டயரின் பக்கவாட்டில் கட்டி மாதிரி வீங்கியிருக்கிறது.

கம்பெனி தரப்பிலேயே குறை இருந்தால்?

தேய்மானம்தான் எப்போதும் காரணம் என்று சொல்ல முடியாது. 2023 ஜூலையில், எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ மாடல்களில் 87,599 வாகனங்களை மாருதி சுசூகி திரும்ப அழைத்தது. ஸ்டியரிங் டை ராடின் ஒரு பாகத்தில் குறை இருக்கலாம், அரிதாக அது உடைந்து ஸ்டியரிங் கட்டுப்பாட்டைப் பாதிக்கலாம் என்பதே காரணம். 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரான வண்டிகள் அவை.

இப்படித் திரும்ப அழைக்கப்படும் வாகனங்களில் குறையுள்ள பாகத்தை நிறுவனமே இலவசமாக மாற்றித் தரும். அதனால், ஸ்டியரிங் பக்கம் சத்தம் வந்தால், வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து 'ரீகால்' ஏதும் இருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. சேசிஸ் எண் ஆர்சி புத்தகத்திலேயே இருக்கும். பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். நிறுவனத்தின் தகவல் முதல் உரிமையாளருக்குப் போயிருக்கும், இப்போது ஓட்டுபவருக்கு வந்திருக்காது.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

"சத்தம் வருது" என்பதோடு நிறுத்தாமல், "20 கிலோமீட்டர் வேகத்துல, இடதுபக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்கும்போது லொட லொடன்னு வருது. பிரேக் அடிச்சா மாற்றம் இல்ல" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. முடிந்தால் அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, சத்தம் வரும் ரோட்டிலேயே ஓட்டிக் காட்டுங்கள். ராம்ப்பில் ஏற்றிய பிறகு, தேய்ந்த பாகத்தை ஆட்டிக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். அதில் தயங்க ஒன்றுமில்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் செய்யலாம்.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை:

* ஜோடியாக மாற்றுவது: ஷாக், ஸ்பிரிங் இரண்டையும் இடம் வலம் ஜோடியாக மாற்றுவதே முறை. ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழசு என்று இருந்தால் வண்டி சமமாகப் பிடிக்காது. பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட்டில் தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றினாலும் தவறில்லை.

* ஸ்ட்ரட் கழற்றினால் டாப் மவுண்ட்டையும் பார்ப்பது: அதைப் பின்னால் தனியாக மாற்ற நினைத்தால், அதே வேலைக்கு இரண்டாவது முறை கூலி கொடுக்க வேண்டிவரும்.

* புஷ் போல்ட்டை எப்போது இறுக்குகிறார்கள்: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டின் கடைசி இறுக்கத்தை, வண்டியின் பளு சக்கரத்தில் இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். புது புஷ் சில மாதங்களில் கிழிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

* நட்டும் பின்னும்: மூட்டுகளில் இருக்கும் பூட்டு நட், காட்டர் பின் போன்றவற்றைப் பழசையே திரும்பப் போடக் கூடாது.

* வீல் அலைன்மென்ட்: டை ராட் எண்ட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் இவற்றில் எதை மாற்றினாலும் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் புது டயரும் சீக்கிரம் தேய்ந்துவிடும். லிங்க் ராட் மட்டும் மாற்றினால் இது தேவையில்லை.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

சாதாரணத் தேய்மானத்தால் கெட்ட புஷ், ஷாக், லிங்க் ராடுக்கு மோட்டார் இன்சூரன்ஸ் பணம் தராது. பாலிசியிலேயே தேய்மானம் விலக்கப்பட்டிருக்கும். ஆனால், பள்ளத்தில் விழுந்து லோயர் ஆர்ம் வளைந்தது, வீல் உடைந்தது போன்ற திடீர் சேதம் வேறு விஷயம். சொந்த வாகன சேதத்துக்கான பாலிசி இருந்தால் கிளெய்ம் கேட்கலாம். அதற்கு, வண்டியை நகர்த்தும் முன் பள்ளத்தையும் சேதத்தையும் சேர்த்துப் படம் எடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, அதன் பிறகே பழுது பார்க்க வேண்டும்.

நம்ம ஊர் கார்களில் மட்டும் ஏன் சீக்கிரம் வருகிறது?

வேகத்தடைக்கும் ஓர் அளவு இருக்கிறது. இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல்படி, வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பெரிய குலுக்கல் இல்லாமல் தாண்டிவிடலாம் என்ற கணக்கில் போடப்பட்ட அளவு அது. ஆனால், தெருக்களில் நாம் பார்ப்பது என்ன? ஒரு முழ அகலத்தில், சுவர் மாதிரி எழுந்து நிற்கும் சிமென்ட் மேடு. அதில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அடி வாங்குவது இந்த மூட்டுகள்தான்.

சாலையை நாம் மாற்ற முடியாது. ஓட்டும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். பள்ளத்தின் மேலேயே பிரேக்கை அழுத்திக்கொண்டு போகாமல், முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பள்ளத்தில் இறங்கும்போது பிரேக்கை விட வேண்டும். பிரேக் பிடித்த நிலையில் முன் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அதன்பின் அடியைத் தாங்க இடம் இருக்காது. மழைத் தண்ணி தேங்கிய இடத்தில் அடியில் பள்ளம் இருக்கும் என்றே நினைத்துக்கொண்டு ஓட்டுவது நல்லது. டயர் காற்று, கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவில் இருக்க வேண்டும். அதிகக் காற்று அடித்தால், டயர் வாங்க வேண்டிய அடியும் புஷ்ஷுக்குப் போகும்.

ஒவ்வொரு சர்வீஸிலும், வண்டி ராம்ப்பில் ஏறியதும் பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், சிவி ஜாயிண்ட் மூன்றின் ரப்பர் பூட்டுகளும் கிழியாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த மூட்டுகளில் சத்தம் தொடங்குவதற்கு வெகு முன்பே கிழிவது அந்த ரப்பர்தான். டார்ச் அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.